பாறையிடுக்கில் வைத்த நேர்த்தி

காலைத் தேநீரின் முதல் மிடறு இறங்கியதும் வயிற்றுக்குள் ஓர் உதை விழும். இரண்டு மாதமாக ஒரு நாள்கூடத் தவறாத உதை. சாம்பவி அதற்குத் ‘தேத்தண்ணி உதை’ என்று பெயர்கூட வைத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை முதல் மிடறு இறங்கியது, இரண்டாவது இறங்கியது, கோப்பையின் அடியில் கரையாத சீனி தெரிந்தது. உதை விழவில்லை.

மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. மொன்றியல் நகரத்துச் சென்ட் லோரன்டில் மூன்றாம் மாடி வாடகை வீடு. குளிர்சாதனப் பெட்டி தன்பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது, கீழே தெருவில் பேருந்து பெருமூச்சுவிட்டு நின்று மறுபடி கிளம்பியது, பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். அவள் இடது பக்கமாகச் சரிந்து படுத்துப் பார்த்தாள். குளிர்ந்த தோடம்பழச் சாறு குடித்துப் பார்த்தாள். வயிற்றை விரலால் தட்டி, “என்ன, நித்திரையோ?” என்று கேட்டும் பார்த்தாள். உள்ளே ஒரு கனம் இருந்தது, அவ்வளவுதான்.

முந்தின நாள் தேத்தண்ணி உதைக்குப் பிறகு அசைவு குறைந்ததென்று, மாலையில் அவளும் கணவனும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். நர்ஸ் வயிற்றைச் சுற்றிப் பட்டி கட்டி இதயத் துடிப்பைக் கேட்க வைத்தாள். துடிப்பு நன்றாகவே இருந்தது. “சோம்பேறிப் பிள்ளை, மதாம். அப்பாவைப் போல” என்று அவள் சிரிக்க, இவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வீட்டுப் படியேறும் வரைதான் தாங்கியது. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் இப்படித்தான், ஒரு சத்தமும் காட்டாமல் நின்றுபோயின. இது ஒன்றுதான் எட்டாம் மாதம் வரை வந்திருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். பிள்ளை வேண்டும் என்று நினைப்பவளுக்கு வேறு அடுப்பங்கரை ஏது?

சுன்னாகத்தில் இருக்கும் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள்.

“நான் அப்பவே சொன்னனான் பிள்ளை,” என்றாள் தாய் சிவநேசம். “உன்ரை சாதகத்திலை நாகதோசம். நயினாதீவு அம்மனுக்கு நான் வைச்ச நேர்த்தி அப்பிடியே கிடக்கு.”

“பிறந்தாப்பிறகு கொண்டுவந்து செய்யிறன் எண்டுதானேம்மா கதை?”

“பிறக்கவேணுமெல்லோ.”

சாம்பவி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

நேர்த்தி ஒன்றும் புதுமையானதல்ல. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் செய்வதுதான், பிள்ளையைக் கோயிலுக்கு விற்று வாங்குவது. தாய் பிள்ளையை அம்மனுக்கு என்று கொடுத்துவிடுவாள். ஐயர் அதை வாங்கிச் சன்னிதியில் காட்டி, காணிக்கையைப் பெற்றுக்கொண்டு திருப்பித் தருவார். அன்றிலிருந்து பிள்ளை அம்மனுடையது, பெற்றவர்கள் வளர்ப்பதற்கு மட்டும். சொந்தப் பிள்ளையைப் பிடிக்கிற தோஷம் கோயில் பிள்ளையைப் பிடிக்காது என்பது நம்பிக்கை. நயினாதீவு அம்மனோ நாகங்களின் தாய்.

“உன்ரை மனுசன் இண்டைக்கு மலைக்குத்தானே போறார், அந்தப் பூச்சியளைப் பார்க்க?” என்றாள் சிவநேசம். பாம்பு என்ற சொல்லை அவள் பட்டப்பகலிலும் வாயில் எடுக்கமாட்டாள். “நீயும் போ. அதுகள் இருக்கிற இடத்திலை கொஞ்சம் பாலும் மஞ்சளும் வைச்சு, பிள்ளையை உனக்குத் தாறன் எண்டு சொல்லிப்போட்டு வா. மிச்சத்தைப் பேந்து நயினாதீவிலை செய்வம்.”

“இந்த வயிறோடையோ?”

“வயித்துப்பிள்ளைக்காரியை அதுகள் தீண்டாது.”

பாம்பென்றால் படையும் நடுங்கும். சாம்பவியின் கணவன் ஹரிபிரசாத்தோ கிடைக்கிற விடுமுறையெல்லாம் அதைத் தேடிப் போவான். சென்னையிலிருந்து படிக்க வந்து, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்து, சாம்பவியைக் கட்டி, மொன்றியலிலேயே தங்கிவிட்டவன். பிடிக்கமாட்டான், தொடமாட்டான். தூரத்தில் நின்று பார்ப்பான், படம் எடுப்பான், வீட்டுக்கு வந்து அவளிடம் காட்டி அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை ரசிப்பான். வாலில் கிலுக்குகிற கிலுகிலுப்பைப் பாம்பு கியூபெக்கில் கிடையாது. எல்லை தாண்டித் தெற்கே போனால் அமெரிக்க மலைகளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அக்டோபர் நீண்ட வார இறுதி அதற்குக் கடைசி வாய்ப்பு, பிறகு பனிக்காலம் வந்துவிடும்.

“லூசா நீ?” என்றான் ஹரி, கேமராப் பையின் பட்டியை இழுத்துக்கொண்டே. “எட்டு மாசம். மலைக்கு வரேங்கற.”

“அரை மணித்தியால நடை, சின்னப் பிள்ளையளும் வரலாம் எண்டு நீங்கள்தானே சொன்னியள்.”

“அது வேற விஷயம்மா.”

“அதுகள் என்னைத் தீண்டாது, ஹரி.”

“அப்ப ரொம்ப வசதி. நீ முன்னாடி நட, நான் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வரேன்.” சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். “இன்னும் அசையலையா? வேணா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போலாமா? ட்ரிப் கெடக்குது.”

“வேண்டாம். நேற்றுத்தானே பார்த்தவை.”

உண்மை அதுவல்ல. போய்ப் படுத்து, பட்டியைக் கட்டி, பெட்டியிலிருந்து சத்தம் வராமல் போனால்? அந்தக் கணத்தின் முன்னால் மூன்றாம் முறை நிற்க அவளுக்குத் துணிவில்லை. அதைவிடப் பாம்பு பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சின்னப் போத்தல் ஒன்றில் பாலை ஊற்றி, ஒரு பொட்டலம் மஞ்சளோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நகரத்தை விட்ட பிறகு நிலம் தட்டையாகக் கிடந்தது. அறுத்து முடிந்த சோள வயல்கள், அவற்றின் மேல் வாத்துக் கூட்டங்கள். எல்லையில் அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பாம்பு பார்க்க என்றான் ஹரி. அவர் குனிந்து அவள் வயிற்றைப் பார்த்தார், பிறகு ஹரியைப் பார்த்தார், புத்தி சொல்வது தன் வேலையல்ல என்கிற முகத்தோடு கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கை வழியெல்லாம் வயிற்றின் மேலேயே இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியும் உள்ளே ஒன்றும் புரளவில்லை.

மலையடிவாரத்தில் பேனாட் காத்திருந்தார். ஹரியின் அலுவலகத் தோழர், ஐம்பது வயது தாண்டியவர். இந்த இடத்தை அவனுக்குக் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டு பேரின் கைபேசிகளிலும் இடம் காட்டும் வசதியை அணைக்கச் சொன்னார். பாம்பு திருடி விற்கிறவர்கள் ஒரு படத்தை வைத்தே வந்துவிடுவார்களாம். பிறகு சட்டம் சொன்னார். கண் பார்க்காத இடத்தில் கால் வைக்கக் கூடாது. பாறை இடுக்கில் கை வைக்கவே கூடாது. மதாம் ஓரமாக உட்கார்ந்திருந்தால் நல்லது. சாம்பவி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

நடை இலேசாகத்தான் இருந்தது. பழைய மரவண்டிப் பாதை, ஓக் இலைகள் கணுக்கால் வரை. பேனாட் நடந்துகொண்டே தன் சிதைந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். கோடை முழுக்க இவை காடெங்கும் சிதறித் திரியும். குளிர் வருகிறது என்றால் எல்லாம் ஒரே பிளவுக்குத் திரும்பும், தாய் போன பிளவு, தாயின் தாய் போன பிளவு. பிறந்து சில வாரமேயான குட்டி, முன்னே போன பெரியவற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துசேரும். பகலில் பாறையில் கிடந்து வெயில் காயும், பொழுது சாயும்போது உள்ளே போகும். அப்படி ஒரு மாலை போனது மே மாதம் வரை வெளியே வராது.

“அது எந்த மாலை எண்டு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் சாம்பவி.

“அவற்றுக்குத் தெரியும்,” என்றார் பேனாட்.

காடு விலகுகிற இடத்தில் ஒரு வாசனை வந்தது. வெதுவெதுப்பான, மண் கலந்த வாசனை. ஹரி நின்று மூக்கை உறிஞ்சினான். “உருளைக்கிழங்கு வேகற மாதிரி இருக்கா? எங்க ஊர்ல இந்த வாசனை வந்தா ஜாக்கிரதைன்னு சொல்வாங்க,” என்று அவள் காதருகில் கிசுகிசுத்தான். எதிரே சரிவு முழுக்க சாம்பல் நிறப் பாறைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. மதிய வெயில் அவற்றின் மேல் மஞ்சளாக விழுந்திருந்தது. பேனாட் கம்பை நீட்டிக் காட்டினார். அவளுக்கு இலைக் குவியல் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அந்த இலைக் குவியல் மூச்சுவிட்டது.

ஒன்று தெரிந்த பிறகு மற்றதெல்லாம் தானாகத் தெரியத் தொடங்கியது. பாறை மடிப்பில் மஞ்சளும் கறுப்புமாய் ஒன்று, அதன்மேல் தலை வைத்து இன்னொன்று, விழுந்த கிளை என்று அவள் நினைத்திருந்த கன்னங்கரிய ஒன்று, பெருவிரல் பருமன்கூட இல்லாத குட்டிகள். பேனாட் ஓர் அடி எடுத்து வைத்தார். உடனே கிலுக்கியது. சூடான எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலையைப் போட்டது போன்ற சத்தம், ஆனால் அடங்காமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, பாறைச் சரிவெல்லாம் பரவி, அவள் பல்லுக்குள் இறங்கி அதிர்ந்தது. பின்னால் நகரப் போனவள் தடுமாறி, காலடிக் கல் ஒன்று புரண்டு, பாறைகளின் பக்கமாகவே ஓர் எட்டு வைத்துவிட்டாள்.

சத்தம் நின்றது. எல்லாம், ஒரே நேரத்தில்.

பேனாட் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஓர் அடி வைத்தார், கிலுக்கியது. ஹரி வைத்தான், கிலுக்கியது. அவளைப் பின்னால் வரச் சொல்லிக் கை காட்டினார்கள். அவள் காலை எடுத்து ஊன்ற, மறுபடி அமைதி. பேனாட் தாடையைச் சொறிந்தார். இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். ஹரிக்கோ வாயெல்லாம் பல். “அத்தை சொன்னது சரிதான் போல. இனிமே உன்னைக் கூட்டிட்டு வந்தாத்தான் நல்ல படம் கிடைக்கும்!” என்றான். சாம்பவி சிரிக்கவில்லை. பாம்புகள் சும்மா இருக்கவில்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள். தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

மேல்தட்டில் பெரிய கறுப்பு ஒன்று உண்டு என்று இருவரும் அதைத் தேடி ஏறினார்கள். அவளை விழுந்து கிடந்த மரத்தண்டில் உட்கார வைத்து, அசையாதே என்று ஹரி இரண்டு தடவை சொன்னான். அவர்கள் முதுகு மறைந்ததும் அவள் எழுந்தாள். தோஷமும் கழியும், நேர்த்தியும் தொடங்கும், ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள், அதை முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது. பாம்புகளுக்கு நடுவே நடந்தாள். ஒன்று அவள் சப்பாத்தின் மேலாக மெதுவாக ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை.

பாறைகள் சேருகிற மூலையில் இருந்தது அந்த இடுக்கு. படுக்கைவாட்டில் ஒரு கீறல், நான்கு விரல் நுழையும் உயரம். வருடா வருடம் உடல்கள் உரசி அதன் உதடு வழவழப்பாகியிருந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. முன்னாலிருந்த சின்னப் பள்ளத்தில் பாலை ஊற்றினாள், மஞ்சளைத் தூவினாள், கும்பிட்டாள்.

“தாயே, பிள்ளையை உனக்குத் தாறன்.”

கோயிலாக இருந்தால் மணி அடித்திருக்கும், யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். இங்கே இலைகூட அசையவில்லை. பள்ளத்திலிருந்த பால் மெல்ல நூலாக ஓடி இடுக்குக்குள் போனது. அந்தப் பக்கம் பாறை மேடாக இருக்கிறது என்பது அவளுக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது.

அப்போது விழுந்தது உதை.

சின்ன உதையல்ல. விலா எலும்பில் குதிகாலால் குத்தியது போல் ஒன்று, உடனே இன்னொன்று, பிறகு முழு உடம்பும் புரண்டு வயிறே ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறது. என் பிள்ளை உயிரோடு இருக்கிறது. சுற்றிலும் பாம்புகள் இருப்பதே அவளுக்கு மறந்துபோனது, அவ்வளவு சந்தோஷம்.

ஹரியும் பேனாட்டும் இறங்கி வந்தபோது அவள் மரத்தண்டில் உட்கார்ந்திருந்தாள். “அசைஞ்சது ஹரி! நல்லா அசைஞ்சது!” என்றாள். அவன் முழங்காலில் உட்கார்ந்து காதை வயிற்றில் வைத்தான். காத்திருந்தான்.

“இப்ப ஒண்ணும் காணோமே?”

இல்லைதான். பாறையை விட்டு வந்த கணத்திலிருந்து ஒன்றுமில்லை. அவர்கள் பாண் ரொட்டிக்குள் மிளகாய்ப் பொடி தடவிச் சாப்பிட்டார்கள். அவள் தன் பங்கைத் தொடவில்லை. கால் மரத்துப்போச்சு என்று சொல்லி எழுந்து, பாறைப் பக்கம் கொஞ்சம் நடந்தாள். உள்ளே ஒரு புரளல். இன்னும் கொஞ்சம் நடந்தாள். உதை. திரும்பி வந்தாள், நின்றது. மறுபடி போனாள். உதை. வந்தாள். கனம், கல் போன்ற கனம், வேறொன்றுமில்லை. நான்காவது தடவை நடக்கும்போது அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வெயிலிலும் உடம்பு சில்லிட்டது.

விற்றாயிற்று. வாங்கவில்லை. நயினாதீவில் பேந்து செய்யலாம் என்று அம்மா இலேசாகச் சொல்லிவிட்டாள், இவளும் தலையாட்டிவிட்டாள். கொடுத்தது நயினாதீவில் இல்லையே. இங்கே கொடுத்ததை இங்கேதானே வாங்க வேண்டும்? வாங்குவதென்றால் தருகிறவர் யார்?

நேராக இடுக்கின் முன்னால் போய் நின்றாள். பின்னால் ஹரி கூப்பிடுவது கேட்டது. கையிலிருந்த தங்க வளையலைக் கழற்றினாள். தாலிக்கொடிக்கு அடுத்து அவளிடம் இருந்த பெறுமதியான பொருள் அது ஒன்றுதான். குனிந்து இடுக்குக்குள் போட்டாள். “இந்தா காணிக்கை. என்ரை பிள்ளையைத் திருப்பித் தா. நான் வாங்கிறன், எனக்குத் தா.” உள்ளே எங்கோ ஆழத்தில் அது கல்லில் பட்டு ஒலித்தது. இன்னும் ஆழத்தில் ஒரு தடவை. பிறகு சத்தமில்லை.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஏதோ உருண்டது. மேல்நோக்கி. கல்லில் உரசி, நின்று, மறுபடி உருண்டு. வளையல் இடுக்கின் உதட்டைத் தாண்டி வெளியே வந்து, அவள் காலடியில் ஒரு வட்டம் போட்டு விழுந்தது.

“சாம்பு! இந்தப் பக்கம் வா. மெதுவா. ஓடாத.” ஹரியின் குரலில் பகிடி போயிருந்தது.

“வாறன்,” என்றாள். வந்தும் பார்த்தாள். ஓர் எட்டு. உதை மெலிந்தது. இரண்டு எட்டு. உள்ளே ஒரு சின்ன விக்கல் மாதிரித் துடித்து, அதுவும் நிற்கப் பார்த்தது. சாகிறது என்று அவள் உடம்பு முழுவதும் அலறியது. திரும்பி ஓடினாள்.

வெயில் பாறையின் மேல் விளிம்பு வரை ஏறிவிட்டது. கீழே நிழல். காற்றில் சட்டென்று குளிர். பேனாட் அண்ணாந்து பார்த்து, போகிற நேரம் என்றார். பாம்புகளும் அதைத்தான் நினைத்தன போலும். சுருள்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அவசரமில்லை. முதலில் பெரிய மஞ்சள் ஒன்று அவளைக் கடந்து, தலையை இடுக்கில் வைத்து, முழு நீளமும் வழிந்து உள்ளே போனது. கடைசியாக வால் போனது. அதே கணம் வயிற்றுக்குள் உதை ஒரு படி தணிந்தது.

அடுத்தது போனது. இன்னும் ஒரு படி.

“ஹரி, இதுகள் உள்ளுக்குப் போகுதுகள்,” என்றாள் அவள். அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “இண்டைக்குத்தான் அந்த மாலை. போனால் இனி மே மாதம்தான். பிள்ளை மே மாதம் வரைக்கும் தாங்காது.”

“என்ன பேசற? சாம்பு, என்னைப் பாரு. என் கையைப் பிடி.”

அவன் ஓர் அடி வைத்தான். கிலுக்கியது. எல்லாப் பக்கமும். அவளுக்கும் அவனுக்கும் நடுவே இருந்தவை மட்டும் உள்ளே போகாமல் தலையைத் தூக்கி நின்றன. பேனாட் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் திமிறினான், அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அந்தக் குரல் அவள் நெஞ்சை அறுத்தது. அவனிடம் போக வேண்டும், அவன் கையைப் பிடிக்க வேண்டும், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வயிற்றோடு போகலாம். பிள்ளையோடு போக முடியாது.

குட்டிகள் போயின. ஒன்றன்பின் ஒன்று, ஒரே தடத்தில். கறுப்பு போனது. உதை இப்போது தட்டல். தட்டலும் விட்டு விட்டு.

அவள் முழங்காலில் விழுந்தாள். கையை இடுக்கில் வைத்தாள். விரல்கள் போயின. மணிக்கட்டு போனது. உள்ளே வெதுவெதுப்பு. உதை விழுந்தது, பலமாக.

“பாருங்கோ,” என்றாள். “உதைக்குது.”

முழங்கை. தோள். நான்கு விரல் உயர இடுக்கு. தலையைச் சாய்த்தாள். கன்னம் வழவழப்பான கல்லில் உரசியது. காது மடிந்தது. தலை போனது. பாறை நெருக்கவில்லை. வயிறு இடிக்குமே என்று பயந்தாள். இடிக்கவில்லை. கல்தான் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

வெளியே கிலுக்கல். அதையும் மீறி ஓடி வரும் காலடி. ஒரு கை அவள் கணுக்காலைப் பற்றியது. ஹரியின் கை. “சாம்பு! சாம்பு! ஐயோ பேனாட், பிடிங்க!” இழுத்தான். பிள்ளை நின்றது.

“விடுங்கோ ஹரி.”

விடவில்லை. அவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனாலும் மற்றக் காலால் உதைத்தாள்.

பிடி விட்டது.

இருட்டு. வேகிற கிழங்கின் வாசனை. சுற்றிலும் மெத்தென்ற உடல்கள் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டு, முதுகோடு வந்து சேர்ந்தன. பின்னால் ஒளிக் கீறல் ஒன்று. அதில் ஒரு கண். ஹரியின் கண், அகலத் திறந்து, அவளைத் தேடி, அவளைத் தாண்டி எங்கோ பார்த்தது. பிறகு ஏதோ குறுக்கே படுத்து அதையும் மறைத்தது.

பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது. கீழ்நோக்கி. வெளியே வருகிற அவசரத்தோடு. முதல் வலி இடுப்பைப் பிடித்து முறுக்கியது.

“ஆரது?” என்றாள்.

யாரோ இருந்தார்கள். எதிரே, மிக அருகில். பொறுமையாக மூச்சுவிட்டுக்கொண்டு. வயிற்றின் இரண்டு பக்கமும் இரண்டு கைகள் வந்து, பிள்ளையை வாங்குகிறவர்கள் ஏந்துவது போல அடியில் ஏந்தின. குளிர்ந்த கைகள். அவள் தன் கையை அவற்றின் மேல் வைத்து, இருட்டில் விரல்களைத் தேடினாள்.

விரல்கள் இல்லை.